கூச்சல் எதை நோக்கி எழ வேண்டும்?

கேள்வி: கில்பர்ட் எழுத, சல்லிவன் இசையமைத்த ஆங்கில நகைச்சுவை ஓபரெட்டாக்கள் (வசனமும் பாட்டும் கலந்த இசை நாடகங்கள்) எனக்கு மிகவும் பிடித்தவை. ஜப்பானில் நடக்கும் ‘மிக்காடோ’வை இங்கிலாந்தின் கடற்கரை ஓட்டல் ஒன்றில் நடப்பதாக மாற்றிப் போட்ட நாடகத்தின் ஒளிப்பதிவை அண்மையில் பார்த்து மனம் வருந்தினேன். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஒரு புதுமையை எதிர்த்துப் பார்வையாளர்கள் அரங்கத்துக்குள்ளேயே கூச்சலிட்டார்கள் என்றும் படித்தேன். அவர்கள் செய்தது சரிதானே? மூலத்தை மூலமாகவே விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: எந்த மூலம் என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ‘மிக்காடோ’ 1885 மார்ச் 14 அன்று லண்டன் சவாய் அரங்கில் அரங்கேறி, முதல் சுற்றிலேயே 672 முறை மேடையேறியது. ஆனால் ‘அசல் மிக்காடோ’ என்று ரசிகர்கள் பல்லாண்டுகளாக மனத்தில் வைத்திருந்த உடைகள் அந்த ஆண்டைச் சேர்ந்தவை அல்ல. சார்லஸ் ரிக்கெட்ஸ் என்ற ஓவியர் 1926-இல் புதிதாக வடிவமைத்தவை. அவரை அமர்த்தியதும் மூலத்தின் காவலராகக் கருதப்பட்ட டாய்லி கார்ட் என்ற நாடக நிறுவனமேதான். கில்பர்ட் 1911-இல் மறைந்தார். அவருடைய எழுத்தின் மீதான காப்புரிமை 1961-ஆம் ஆண்டின் முடிவில் காலாவதியாகும் வரை, பிரிட்டனில் இந்நாடகங்களைத் தொழில்முறையாக நடத்தும் உரிமை அந்த ஒரே நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே நடிகர் எங்கே திரும்புவது, விசிறியை எப்போது விரிப்பது என்பன போன்ற பழக்கங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, எழுதியவரே விதித்த சட்டம் போல ஆகிவிட்டன. நீங்கள் காக்க விரும்புவதில் பெரும்பகுதி அந்தப் பழக்கமே.

எழுதியவரின் நோக்கம் எதுவென்று பார்த்தால் உங்கள் வருத்தத்துக்கு இன்னும் இடம் குறையும். கில்பர்ட் தம் கண்முன் இருந்த அதிகாரத்தைக் கேலி செய்தவர். கப்பலில் வேலை பார்த்த அனுபவமே இல்லாத டபிள்யூ. எச். ஸ்மித் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைவராக இருந்த காலத்தில், 1878-இல், கடலுக்கே போகாமல் கடற்படைத் தலைவரான ஒருவரை ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ மேடையில் பாடவைத்தார். முதல் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1882-இல் ‘அயோலாந்தி’யில் பிரபுக்கள் சபையையே பரிகாசத்துக்கு உள்ளாக்கினார். ‘மிக்காடோ’வின் ஜப்பானும் ஒரு திரைதான், அதற்குப் பின்னால் நடமாடும் பதவிப் பித்தர்களும் சட்டத்தை வளைக்கும் கனவான்களும் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்களே. தலைவெட்டும் அதிகாரியான கோ-கோ, உலகத்தில் இல்லாமல் போனாலும் யாரும் தேடாத மனிதர்களின் பட்டியலைப் பாடும்போது, அரசியல்வாதிகளின் பெயரைச் சொல்லாமல் நிறுத்தி, அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலையைப் பார்வையாளரிடமே ஒப்படைக்கிறான். ஒவ்வொரு காலமும் தன் ஆட்களை அதில் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதே பாட்டில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்ததையும், அமெரிக்காவில் எழுந்த ஆட்சேபத்துக்குப் பிறகு 1948-இல் டாய்லி கார்ட் நிறுவனமே அதை மாற்றியதையும் நீங்கள் அறிந்திருக்கலாம். அந்தச் சொல்லையும் மூலம் என்று திரும்பக் கொண்டுவரச் சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

நீங்கள் பார்த்தது ஜோனதன் மில்லர் 1986-இல் இங்கிலிஷ் நேஷனல் ஓபராவுக்காக இயக்கிய நாடகமாகவே இருக்க வேண்டும். அவர் ஜப்பானிய விசிறிகளையும் கொண்டைகளையும் அகற்றிவிட்டு, முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்து ஆடம்பர ஓட்டல் ஒன்றின் வெள்ளை வெளேரென்ற கூடத்தில், பணிப்பெண்களையும் ஏவலாட்களையும் ஆடவிட்டார். கோ-கோவாக நடித்தவர் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் எரிக் ஐடில். கதையையும் சல்லிவனின் இசையையும் மில்லர் அப்படியே விட்டார். பெரிதாக மாறியது பட்டியல் பாட்டுதான். இங்கிலாந்தைப் பற்றிய நாடகம் இங்கிலாந்திலேயே நடந்தது. பழைமை விரும்பிகளில் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அரங்கம் அதைத் திரும்பத் திரும்ப மேடையேற்றியது, பார்வையாளர்கள் சிரிப்பை நிறுத்தாததால்தான். இதை மூலத்துக்குச் செய்த துரோகம் என்று நீங்கள் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. மூலத்தை இவ்வளவு உன்னிப்பாகப் படித்த இயக்குநர்கள் குறைவு.

எல்லாப் புதுமையையும் நான் தாங்கிப்பிடிக்கவில்லை. ‘எங்கேஜ்ட்’ என்ற தம் 1877-ஆம் ஆண்டு நகைச்சுவை நாடகத்தின் அச்சுப் பிரதியில், அதை முற்றிலும் மெய்யான தீவிரத்தோடு, கடைசிவரை முகம் மாறாமல் நடிக்க வேண்டும் என்று கில்பர்ட் எழுதிவைத்தார். ஒத்திகைகளிலும் அந்தக் கண்டிப்பையே கடைப்பிடித்தார். அபத்தமான சூழலில் சிக்கிய மனிதன் அதை அபத்தம் என்று உணராதபோதுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. கையில் கைபேசியைக் கொடுத்து, நேற்றைய செய்தியை வரிக்கு வரி நுழைத்து, ‘இது வேடிக்கை, சிரியுங்கள்’ என்று பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிக்கும் மேடையாக்கம், உரையின் மீது நம்பிக்கை இழந்த ஒருவரின் வேலை. அதை ரசிகர்கள் நிராகரிக்கும்போது நான் அவர்கள் பக்கமே நிற்பேன். ஆனால் இந்தக் குற்றத்தைப் பழைய உடையிலும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, திரைப்பட இயக்குநர் மைக் லீ 2015-இல் ‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ நாடகத்தை இயக்கியபோது, மேடையில் அழுத்தமான நிறங்களில் வட்டமும் கோணமுமாக நவீன வடிவங்களை நிறுத்திவிட்டு, நடிகர்களை உரைக்கு முழுமையாகக் கட்டுப்பட வைத்தார். கில்பர்ட் கேட்டது அந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

இசையில் கைவைத்தால் ரசிகர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதும் முழு உண்மையல்ல. தயாரிப்பாளர் ஜோசஃப் பாப் 1980-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் திறந்தவெளி அரங்கில் அதே ‘பைரேட்ஸ்’ நாடகத்தைப் போட்டபோது, சல்லிவனின் வாத்தியக்குழுவுக்குப் பதிலாக மின்னணு இசைக் கருவிகள் ஒலித்தன. வேறு இரண்டு ஓபரெட்டாக்களிலிருந்து பாட்டுகளையும் எடுத்துச் சேர்த்தார்கள். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் அது 787 காட்சிகள் ஓடி, சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி நாடக விருதையும் பெற்றது. சல்லிவனின் வாத்திய அமைப்பை நேசிப்பவன் என்ற முறையில் அதைக் கேட்க எனக்கு உவப்பில்லை. எனினும் அந்தக் கடற்கொள்ளையர்கள் மெய்யான உற்சாகத்தோடு பாடினார்கள் என்பதை மறுக்கமாட்டேன்.

உங்கள் கேள்வியில் இடம்பெறாத இன்னொரு வகைப் பார்வையாளரும் இருக்கிறார்கள். 2015-இல் நியூயார்க்கின் கில்பர்ட் – சல்லிவன் குழு ஒன்று ‘மிக்காடோ’வைப் பழைய முறையிலேயே போடப்போவதாக அறிவித்ததும், வெள்ளையர்கள் முகம் தீட்டி ஜப்பானியர்களாக நடிப்பது தங்கள் சமூகத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்று ஆசிய அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். குழுவினர் அந்த நிகழ்ச்சியைக் கைவிட்டு, மறு ஆண்டு வேறொரு வடிவத்தோடு வந்தார்கள்: விக்டோரியா காலத்து லண்டனில் கில்பர்ட்டும் சல்லிவனும் இந்நாடகத்தைக் கற்பனை செய்வதாக ஒரு முன்காட்சியைச் சேர்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மற்றொரு குழு கதையை மறுமலர்ச்சிக் கால இத்தாலிக்கு மாற்றியது. மாற்றமே இல்லாத மேடையாக்கமும் மனிதரைப் புண்படுத்த முடியும் என்பதை அந்த எதிர்ப்பு காட்டியது. உங்கள் வருத்தத்தைவிட அவர்களுடைய வருத்தம் கனமானது என்றே நான் நினைக்கிறேன். அவர்கள் கேட்டது தங்கள் முகத்துக்கான மரியாதையை.

இனி ஜெர்மனிக்கு வருகிறேன். நீங்கள் படித்தது, 1999 டிசம்பர் 29 அன்று ட்ரெஸ்டன் நகரின் செம்பர் ஓபரா அரங்கில் பீட்டர் கோன்விட்ச்னி இயக்கி அரங்கேற்றிய, இசையமைப்பாளர் எம்மரிக் கால்மானின் ‘சார்தாஷ் இளவரசி’ என்ற ஓபரெட்டா பற்றியதாக இருக்கலாம். புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்காக வால்ட்ஸ் இசை கேட்க வந்தவர்கள் முன், காதல் கதை முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளுக்குள் நகர்ந்தது. தலையற்ற படைவீரனின் உடலோடு ஒருத்தி நடனமாடினாள். அரங்கம் கொந்தளித்தது. அந்தக் கோபத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. அந்தக் கட்டடமே 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் எரிந்து, 40 ஆண்டுகள் கழித்து, 1985-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. போரை மறந்திருக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும் என்று அந்த ஊர் மக்கள் விரும்புவதில் பிழையில்லை. ஆனால் ‘சார்தாஷ் இளவரசி’ முதன்முதலில் வியன்னாவில் அரங்கேறியது 1915 நவம்பரில். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்களின் அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளும் போர்முனையில் செத்துக்கொண்டிருந்தார்கள். கோன்விட்ச்னி புதிதாக எதையும் கொண்டுவந்து திணிக்கவில்லை; அந்த இசை பிறந்த ஆண்டை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். நீங்கள் கேட்கும் மூலத்தின் மீதான விசுவாசம் இதைவிட ஆழமாக எங்கே இருக்க முடியும்?

அதன் பின் அரங்க நிர்வாகம் இயக்குநரின் சம்மதமின்றிக் காட்சிகளை வெட்டியது. அவர் வழக்குத் தொடுத்தார். மேடையாக்கமும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரிய படைப்பாகலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கூச்சலிட்டவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் அதிகம் இல்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததற்குத் தங்கள் தீர்ப்பைச் சொன்னார்கள், சீட்டு வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. காட்சியை வெட்டிய நிர்வாகமோ, அடுத்த நாள் வரவிருந்தவர் தானே பார்த்து முடிவு செய்யும் வாய்ப்பைப் பறித்துவிட்டது. நீங்கள் கூச்சலிடுவதானால், அந்த நிர்வாகத்தை நோக்கிக் கூச்சலிடுங்கள் என்றுதான் சொல்வேன்.