ஐ'ட் என்றால் வுட்டா, ஹேடா?

கேள்வி: எங்கள் புது மேலாளர் பிரிட்டனில் இருக்கிறார். நான் அனுப்பிய இன்வாய்ஸைப் பார்த்துவிட்டு, "ஐ'ட் செக் த டோட்டல் அகெய்ன்" என்று ஒரு வரி மெயில் போட்டார். அவரே சரிபார்த்துவிட்டார் என்று நினைத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். கூட்டுத்தொகை தப்பு. செமத்தியாக டோஸ் விழுந்தது. அந்த ஐ'ட்டுக்கு என்னதான் பொருள்?

பதில்: "நானாக இருந்தால் இன்னொரு தடவை கூட்டிப் பார்ப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். அதாவது, நீங்கள் பாருங்கள் என்பதுதான் செய்தி. "இஃப் ஐ வேர் யூ" என்ற முன்பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். வேலை ஏவுவதைக்கூட யோசனை சொல்வதுபோல நாசூக்காகச் சொல்வது அங்கே சகஜம்.

நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை. ஐ வுட், ஐ ஹேட் இரண்டும் சுருங்கினால் ஒரே ஐ'ட்தான். அதனால் பின்னால் வரும் வினையைப் பாருங்கள். செக், கோ, ஈட் என்று மொட்டையாக நின்றால் அது வுட். செக்டு, கான், ஈட்டன் என்று வந்தால் ஹேட். "ஐ'ட் செக்டு" என்று எழுதியிருந்தால்தான் 'சரிபார்த்திருந்தேன்' என்று பொருள்.

கம், புட், கட் போன்றவற்றில் இந்தச் சோதனை பலிக்காது. இரண்டு இடத்திலும் ஒரே வடிவம். முன்பின் வரியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அப்புறம் ஒரு விதிவிலக்கு: "ஐ'ட் பெட்டர் கோ". வினை மொட்டைதான், ஆனாலும் இது ஹேட். 'கிளம்புவதுதான் நல்லது' என்று அர்த்தம். பேச்சில் அந்த 'ட்' பல சமயம் காதில் விழவே விழாது. ராதர் வந்தால் வுட்.

அதிகம் பயன்படுவது "ஐ'ட் லைக்". விமானத்தில் "ஐ லைக் காஃபி" என்றால், உங்களுக்குக் காபி பிடிக்கும் என்ற தகவலோடு சரி. "ஐ'ட் லைக் எ காஃபி" என்பதுதான் கேட்கும் முறை. (நம்ம ஃபில்டர் காபி வராது, அது வேறு விஷயம்.) "வுட் யூ லைக் சம்?" என்று கேட்டால் மட்டும் "எஸ், ஐ'ட்" என்று நிறுத்தாதீர்கள். வாக்கியம் முடியும் இடத்தில் சுருக்கம் நிற்காது. "எஸ், ஐ வுட்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

எழுதும்போது அந்த மேல்கமாவை விட்டுவிடாதீர்கள். விட்டால் அது ஐ'ட் இல்லை, கழுத்தில் தொங்கும் ஐடி!