பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் என்ன விலை பெறும்? கேள்வி பதில்

பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள்களைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டுவது எனக்கு இருபது வருடப் பழக்கம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இது எவ்வளவுக்குப் போகும்?" அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல வழியில்லை. சைக்கிளையே படிக்கக் கற்றுக்கொண்டால் விலை தானாகக் கைக்கு வரும். முடிந்தவரை விளக்கிச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் சூரிச்சில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர் நிலவறையில் ஓர் ஆரஞ்சு நிறக் கொல்னாகோ வைத்திருக்கிறார். சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஓட்டிய மாடல் என்று சொல்லி 2,000 பிராங்க் கேட்கிறார். கொடுக்கலாமா?

இப்போதே கொடுத்துவிடாதீர்கள். 1970களின் தொடக்கத்தில் மோல்தேனி அணியில் இருந்தபோது மெர்க்ஸ் கொல்னாகோ ஓட்டியது உண்மை. 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடிச் சாதனை செய்ததும் எர்னெஸ்தோ கொல்னாகோ கட்டிக்கொடுத்த சைக்கிளில்தான். அந்த அணியின் நிறம் ஆரஞ்சு. அதனாலேயே, பிறகு எத்தனையோ சைக்கிள்கள் ஆரஞ்சாக மாறின. நிறமும் ஸ்டிக்கரும் எப்போது வேண்டுமானாலும் வரும். இரும்பிலும் அலுமினியத்திலும் அடித்த முத்திரைதான் நம்பத் தக்கது.

காம்பன்யோலோ என்ற இத்தாலிய நிறுவனத்தின் பாகங்கள் பூட்டியிருந்தால் உங்கள் வேலை எளிது. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் பின் கியர் மாற்றி. அது நுவோவோ ரெக்கார்ட் என்ற மாடல் என்றால் அதன் மேல்பகுதியில் 'பேட்டன்ட்' என்ற சொல்லும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். 'பேட்டன்ட்-74' என்றால் அந்தப் பாகம் ஏறக்குறைய 1974இல் வெளிவந்தது. இரண்டாவது, பெடல் கிராங்கின் உள்பக்கம். கைபேசியை அடியில் நீட்டிப் படம் எடுத்தால் போதும். 1973 முதல் 1979 வரை ஒரு சாய்சதுரத்துக்குள் ஒற்றை இலக்கம், 1980களின் தொடக்கத்தில் வட்டத்துக்குள் ஒற்றை இலக்கம். சாய்சதுரத்தில் 5 என்றால் 1975. மூன்றாவது, சக்கரத்தைக் கழற்றினால் நடு அச்சுப் பகுதியான ஹப்பின் இரு ஓரத்திலும் ஒரு பூட்டு நட்டு தெரியும். அதில் 'காம் 75' என்பதுபோல் பொறித்திருக்கும்.

மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் சைக்கிள் பிறந்தபோது இருந்த பாகங்களோடே வந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அது மாற்றிய பாகம். ஆனால் இவை பாகங்களின் வயதுதான். பிரேமின் வயதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பின் சக்கரம் உட்காரும் இடைவெளியை அளந்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், 126 என்றால் ஆறு, ஏழு. 130 என்றால் எட்டும் அதற்குப் பிறகும். மேல் குழாயில் பிரேக் கேபிளைப் பிடிப்பது தனியாக மாட்டிய கிளிப்பா, குழாயோடு பற்றவைத்த பிடியா என்றும் கவனியுங்கள். கிளிப் இருந்தால் பெரும்பாலும் பழையது.

இன்னொன்று: சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டை உருவி எடுத்து, குழாய் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்புங்கள், அப்புறம் விலை பேசலாம்.

கேள்வி: பிரேமில் கொலம்பஸ் ஸ்டிக்கர் இருக்கிறது. அதை வைத்து உயர்ந்த ரகம் என்று முடிவு செய்யலாமா?

ஸ்டிக்கரை மட்டும் வைத்து முடியாது. கொலம்பஸ் எல்லாத் தரத்திலும் குழாய் செய்தது. எஸ்எல், எஸ்பி, பிறகு வந்த எஸ்எல்எக்ஸ் ஆகியவை பந்தயத்துக்கு. ஏல்லே போன்றவை நடுத்தரச் சைக்கிள்களுக்கு. எஸ்எல் குழாயின் சுவர் நுனிகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மட்டுமே. அதனால் உள்விட்டம் பெரிதாகி 27.2 மில்லிமீட்டர் சீட் போஸ்ட் உள்ளே போகும். சற்றுத் தடித்த எஸ்பியில் 27.0. சீட் போஸ்டின் மேலேயே அளவு பொறித்திருக்கும், இல்லாவிட்டால் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். 26 சொச்சம் என்று வந்தால் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. அதன் தண்டுக் குழாயில் கொலம்பஸின் புறாச் சின்னம் அடித்திருக்கும். பின் சக்கரம் மாட்டும் தகட்டில் காம்பன்யோலோ பெயர் தெரிந்தால் செலவு பார்க்காமல் கட்டிய பிரேம் என்று மனசுக்குள் ஒரு குறி போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எங்களிடம் வெளிர் பச்சை நீலத்தில் ஒரு பியாங்கி இருக்கிறது. பந்தய வீரர் ஃபவுஸ்தோ கோப்பி ஓட்டிய நிறம் என்கிறார்கள். பெரிய விலை வருமா?

அந்தச் செலஸ்தே நிறம் கோப்பியோடு சேர்த்துப் பேசப்படுவது உண்மைதான். ஆனால் பியாங்கி 1885இலிருந்து இருக்கிறது, கடைக்குப் போய்வரும் சைக்கிளுக்கும் அதே நிறத்தை அடித்திருக்கிறது. கிராங்க் இரும்பா, அதை ஆப்பு போட்டு இறுக்கியிருக்கிறதா? ரிம்மும் இரும்பா? அப்படியானால் ஒரு நல்ல பழைய சைக்கிள் உங்களிடம் இருக்கிறது. ஓட்டி மகிழுங்கள், பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பெயின்ட் பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது. விற்பதற்கு முன் புதிதாக அடித்துவிட்டால் விலை ஏறுமா?

ஏறாது, இறங்கும். இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு மாசி கிரான் கிரித்தேரியம் பிரேம் கையில் கிடைத்தது. மிலானில் விகொரெல்லி மைதானத்தின் கீழே இருந்த பட்டறையில் ஃபாலியெரோ மாசி பெயர் வாங்கிய மாடல். நீலம் மங்கி, ஸ்டிக்கர்கள் பாதி சுரண்டி, அங்கங்கே துரு. அழகாக்கிவிடலாம் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். மணல் பீய்ச்சி முழுவதும் உரித்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. ஆனால் குழாய்களை இணைக்கும் லக்குகளின் கூர்மையான ஓரங்கள் மழுங்கிப்போயின, ஃபோர்க்கின் குரோம் போய்விட்டது, பிரேம் எண் பாதி அழிந்திருந்தது. வாங்க வந்தவர் விரலால் லக்கைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மங்கிய நீலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. எந்தப் பணம் கொடுத்தாலும் அது திரும்பி வராது.

அதனால் என்ன செய்யலாம்? மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, கார் மெழுகு. குரோம் மேல் துரு இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். ஸ்டிக்கர் பக்கம் தேய்க்கவே கூடாது. குழாயின் உள்பக்கத் துருவுக்கு மட்டும் எண்ணெய் விடுங்கள். மீதியை வாங்குபவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு வேண்டியதே அந்தக் கீறல்களோடு இருக்கும் பழைய பெயின்ட்தான்.

கேள்வி: பலெர்மோவில் ஒரு பழைய வீட்டைக் காலிசெய்தபோது வீட்டுக்காரர் ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கியர் மாற்றி எதுவும் இல்லை. சீட்டுக்குக் கீழே பின் சக்கரத்தை ஒட்டி இரண்டு நீளக் கம்பிப் பிடிகள் இருக்கின்றன. இது என்ன?

எதையும் கழற்றாதீர்கள்! நீங்கள் சொல்வது காம்பன்யோலோவின் காம்பியோ கோர்சாவாக இருக்க வேண்டும். இப்படி ஒரு கேள்வி வருமா என்று எத்தனை நாள் காத்திருந்தேன்.

துல்லியோ காம்பன்யோலோ 1933இல் விசென்சாவில் தொடங்கிய நிறுவனத்தின் ஆரம்பகாலக் கியர் இது. செயினை இழுத்துப் பிடிக்கத் தனிச் சக்கரங்கள் இதில் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுபவர் கையைப் பின்னால் விட்டு ஒரு பிடியால் பின் சக்கரத்தின் பிடிமானத்தைத் தளர்த்த வேண்டும். பிறகு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியபடி மற்றப் பிடியால் செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ள வேண்டும். செயின் தளர்வுக்கு ஏற்பச் சக்கரமே முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ளும். அப்புறம் மறுபடி பூட்ட வேண்டும். மலை ஏறும்போது இதைச் செய்தார்கள் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. 1948இல் ஜினோ பார்த்தாலி டூர் டி பிரான்ஸை வென்றது இந்தக் கியரோடுதான்.

இப்போது பின் சக்கரம் உட்காரும் தகட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். சிறு சிறு பற்கள் வெட்டியிருக்கிறதா? சக்கரம் கோணாமல் நகர அவை வேண்டும். பற்களும் இரண்டு பிடிகளும் அந்தக் கால ஹப்பும் சேர்ந்திருந்தால் உங்கள் கையில் இருப்பது ஆயிரக்கணக்கான யூரோ பெறும் பொருள். பற்கள் இருந்து, பிறகு வந்த கியர் மாற்றிக்காகத் தகட்டில் துளை போட்டிருந்தால் விலை குறையும். 1950களில் பலர் அப்படி மாற்றிக்கொண்டார்கள். புதிய கியர் அவ்வளவு வசதியாக இருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் கூட விடாமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். விற்பதாக இருந்தால் அந்தக் காலத்துச் சைக்கிள்களையே சேகரிப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் காட்டிய பிறகே விலை பேசுங்கள்.

கேள்வி: தனித்தனியாகப் பிரித்து விற்றால் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே?

பல சமயம் உண்மை. முழு சைக்கிளைவிட கிராங்க், பிரேக், கியர் மாற்றி, ஹப் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் தொகை கூடும். அனுப்பி வைப்பதும் எளிது. பிரேம் விரிசல் விட்டோ வளைந்தோ போயிருந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். அந்தப் பாகங்கள் வேறொரு சைக்கிளை உயிரோடு வைக்கும். ஆனால் 40, 50 வருடம் பிரியாமல் வந்த ஒன்றைப் பிரிப்பதற்கு எனக்குக் கை வராது. ஒருமுறை கலைந்தால் அதே சேர்க்கையை யாராலும் மறுபடி சேர்க்க முடியாது.

கேள்வி: விழுந்து அடிபட்ட சைக்கிளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணைவிட விரலை நம்புங்கள். முன் லக்குக்குச் சற்றுப் பின்னால், மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் அடிப்பக்கத்திலும் விரல் நுனியை ஓட்டுங்கள். நேராக எதிலாவது மோதியிருந்தால் அங்கே மெல்லிய அலைபோல் ஒரு மடிப்புத் தட்டுப்படும், பெயின்டில் குறுக்கே நுண்ணிய வெடிப்பும் இருக்கலாம். பின் தகட்டிலிருந்து ஒரு நூலை இழுத்து, முன் குழாயைச் சுற்றி, மறுபக்கத் தகட்டுக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பரவாயில்லை.

சீட் போஸ்டும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மும் அசைகின்றனவா என்றும் பாருங்கள். இரும்புக்குள் அலுமினியம் பல வருடம் இருந்தால் ஒட்டி இறுகிவிடும். அசையாவிட்டால் விலையில் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: விலை தெரிந்துகொள்ள எங்கே பார்ப்பது? ஒரே மாடலை ஒருவர் 600 யூரோ என்கிறார், இன்னொருவர் 3,000 என்கிறார்.

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களைத் தனியாகத் தேடலாம். அதே மாடல், அதே காலம், அதே தரப் பாகங்கள், அதே அளவு என்று நாலும் ஒத்துப்போகும் ஐந்தாறு விற்பனையை எடுத்து வையுங்கள். அளவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 54 முதல் 57 சென்டிமீட்டர் வரை உள்ள பிரேமுக்கு ஆள் அதிகம், 62க்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. டஸ்கனியில் கையோலே இன் கியாந்தி என்ற ஊரில் 1997 முதல் லெரோயிகா என்ற பழைய சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987க்கு முந்தைய சைக்கிள், கீழ்க் குழாயில் கியர் பிடி, கால்விரல் கூடும் வாரும் உள்ள பெடல், வெளியே வளைந்து தெரியும் பிரேக் கேபிள் என்பது அங்கே விதி. அதில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆகவே 1985 சைக்கிளையும் 1990 சைக்கிளையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கேள்வி: பெயரே இல்லாத பிரேம். இத்தாலியில் செய்ததா என்று அறிய வழி உண்டா?

பெடல் அச்சு போகும் கூட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 70 மில்லிமீட்டர் இத்தாலிய அளவு, 68 ஆங்கில அளவு. இத்தாலிய மரை இரு பக்கமும் வலம் சுற்றி இறுகும், ஆங்கில அளவில் செயின் பக்கம் இடமாக. தெரியாமல் தப்பான பக்கம் திருகி மரையைக் கெடுத்தவர்கள் நிறைய, அதனால் அளந்த பிறகு சாவி போடுங்கள். 68 வந்தால் இத்தாலியில் செய்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏற்றுமதிக்கு அப்படியும் செய்தார்கள். 70 வந்தால் நம்பிக்கை கூடும்.

கேள்வி: அண்ணா, சூரிச்சிலிருந்து மறுபடியும் நான். நீங்கள் சொன்னதையெல்லாம் பார்த்தேன். கிராங்கில் சாய்சதுரத்துக்குள் 7, ஹப் நட்டில் 76, கியர் மாற்றியில் 'பேட்டன்ட்-82'. பின் இடைவெளி 126. சீட் போஸ்ட் 27.2. லக்கில் சீட்டுக்கட்டு கிளாவர் வடிவம் வெட்டியிருக்கிறது. குழாய்க்குள் டார்ச் அடித்தால் ஓரத்தில் கொஞ்சம் நீல நிறம் தெரிகிறது.

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கிளாவர் கொல்னாகோவின் சின்னம், சீட் போஸ்ட் அளவும் பொருந்துகிறது. உண்மையான கொல்னாகோதான், 1977 வாக்கில் கட்டியது. கியர் மாற்றி மட்டும் பின்னால் மாற்றியிருக்கிறார்கள், அதே காலத்து ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை.

அந்த நீலம்தான் முக்கியம். சைக்கிள் பிறந்தது நீலமாக, ஆரஞ்சு பிறகு வந்தது. 1977இல் மெர்க்ஸ் மோல்தேனியிலும் இல்லை, கொல்னாகோவிலும் இல்லை. ஆகவே அந்தக் கதைக்காக ஒரு பிராங்க் கூடக் கொடுக்க வேண்டாம். மறுபெயின்ட் அடித்த, நல்ல பாகங்களோடு இருக்கும் பிரேம் என்று வைத்தால், நானாக இருந்தால் 1,000 பிராங்க் சொல்லி 1,200 வரை போவேன். அவரை மட்டம்தட்டிப் பேச வேண்டாம், அவரும் யாரோ சொன்னதை நம்பித்தான் வாங்கியிருப்பார். டார்ச்சை அவர் கையில் கொடுத்து நீலத்தைக் காட்டுங்கள். வாங்கிய பிறகு அந்த ஆரஞ்சை உரிக்க அவசரப்படாமல், அடியில் எவ்வளவு நீலம் மிச்சம் இருக்கிறது என்று பெடல் அச்சுக் கூட்டுக்கு அடியில் மட்டும் ஓர் அங்குலம் சுரண்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.