மதுரையில் பார்த்துக்கொள்ளலாம் – கடிதம்

வணக்கம் அண்ணா,

எங்கள் விளைக்கு (தோட்டத்துக்கு) போகும் வழியை அடுத்த விளைக்காரர் கையாலை (எல்லைச் சுவர்) வைத்து அடைத்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் அம்மாவுக்கு ஜெயம், சப் கோர்ட்டில் தோல்வி. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு போட்டோம். போன வாரம் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். போட்டோ, சாட்சி எதையும் பார்க்கவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இது நியாயமா?

– ஒரு வாசகர், திருவட்டாறு

அன்புள்ள தம்பி,

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: மதுரையில் யாரும் அவருடைய சாட்சியைப் பொய் என்று சொல்லவில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் ஹைகோர்ட் இரண்டாம் மேல்முறையீட்டைக் கையில் எடுக்கும். 1976 திருத்தம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. வழி இருந்ததா, எத்தனை அடி, யார் நடந்தார்கள் என்பதெல்லாம் நடந்த சங்கதி, சட்டக் கேள்வி அல்ல. அதில் சப் கோர்ட் சொன்னதே பெரும்பாலும் கடைசி வார்த்தை. முன்சீப் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் அப்படித்தான்.

நம்மூரில் கீழ்க்கோர்ட்டில் வழக்கு நடக்கும்போதே, "மதுரையில பாத்துக்கிடலாம்" என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். எங்கள் வீட்டிலும் ஓர் எல்லை வழக்கு நடந்தது. வக்கீல் கமிஷனர், அதாவது இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீல், வந்த அன்று அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு மரியாதையாகத் தள்ளி நின்றார். டேப் பிடித்து அளந்தார்கள். கையாலையின் அடியில் புல் மூடிக் கிடந்த பழைய எல்லைக்கல்லை அப்பா காட்டவில்லை. பிளானில் அது வரவில்லை. கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபணையும் போடவில்லை. அப்புறம் மேலே போன இடத்திலெல்லாம் அந்தப் பிளானை விரித்துவைத்துத்தான் பேசினார்கள். கல் இன்றும் அங்கேயே கிடக்கிறது.

சரி, இனி என்ன? உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாளுக்குள் போகலாம். அதே ஹைகோர்ட்டில் மறுஆய்வு கேட்க 30 நாள். அதுவும் தீர்ப்பில் வெளிப்படையான பிழை, முன்பு கிடைக்காத புதிய ஆதாரம் போன்ற காரணம் இருந்தால்தான் நிற்கும். டெல்லிக்குச் செலவு செய்வதற்கு முன் சப் கோர்ட் தீர்ப்பை முழுக்க வாசியுங்கள். முக்கியமான ஆவணம் எதையாவது பார்க்காமல் விட்டிருக்கிறார்களா என்று வக்கீலிடம் கேளுங்கள். இல்லையென்றால், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து விளைக்காரரைப் போய்ப் பாருங்கள். நாலடி அகலத்துக்கு வழியை விலைக்குக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், அளந்து பத்திரம் பதியுங்கள்.

அளக்கிற அன்று அம்மாவுக்கு அங்கேயே ஒரு நாற்காலி போடுங்கள். எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.