புல்தரையில் பாசி, வீட்டில் நாய்: எதை வாங்கலாம்?

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் தனி வீடு. முன்பக்கம் இருநூறு சதுர அடிக்கு மெக்சிகன் புல் போட்டிருக்கிறோம். இந்த மழையில் மாமரத்தடியில் பாசி படர்ந்துவிட்டது, மீதி இடத்தில் கோரை. நர்சரிக்காரர் ஒரு களைக்கொல்லி பாட்டிலைக் காட்டி, "பெட் சேஃப் மேடம், முழுக்க நேச்சுரல்" என்கிறார். விலை 850 ரூபாய். எங்கள் லாப்ரடார் நாள் முழுக்க அந்தப் புல்லில்தான் புரளும், வயிறு சரியில்லை என்றால் அதையே மேயும். நம்பி வாங்கலாமா?

பதில்: பாட்டிலின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் அம்மா. திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் களைக்கொல்லியும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகிறது. அதனால் லேபிளில் மருந்தின் பெயரும் அளவும், பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விஷமுறிவுக் குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். கூடவே சாய்சதுரமாக ஒரு கட்டம், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்புதான் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. இதெல்லாம் இல்லாமல் "களையைக் கொல்லும்" என்று மட்டும் போட்டிருந்தால், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பச்சை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போனால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்ற கணக்குதான் அந்த நிறம். 5000-க்கு மேல் என்றால் பச்சை. உங்கள் நாய் தினமும் பாதத்தை நக்குவது அந்தக் கணக்கில் வராது. அகல இலைக் களைக்கு விற்கும் 2,4-டி மாதிரியான மருந்துகளை நாயின் சிறுநீரகம் மற்ற பல விலங்குகளைவிட மெதுவாகத்தான் வெளியேற்றும். கிளைபோசேட் என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு உத்தரவின்படி, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் உள்ளவர்கள்தான் அதை அடிக்கலாம், நாமே அடிக்கக் கூடாது. தவிர, அது கோரையோடு சேர்த்து உங்கள் மெக்சிகன் புல்லையும் கருக்கிவிடும்.

"நேச்சுரல்" என்ற சொல்லில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இயற்கை உரம் என்று ஒரு மூட்டை வாங்கி ரோஜாத் தொட்டிகளுக்குப் போட்டேன். மறுநாள் காலையில் தொட்டி மண் தோண்டிக் கிடந்தது, நாய் வாசற்படியில் ரத்தம் கலந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. மூட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஆமணக்குப் புண்ணாக்கு. அதன் வாசனை நாய்களை இழுக்கும், சரியாகச் சூடுபடுத்தாத புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய விஷம் தங்கியிருக்கும். நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்தது. அந்த விஷமும் நூறு சதவீதம் நேச்சுரல்தான்.

சரி, பாசிக்கு வருவோம். அதற்கு உண்மையான வேரே கிடையாது. அது புல்லைக் கொல்வதில்லை, புல் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மாமர நிழல், மிதித்து இறுகிய மண், வடியாத தண்ணீர் மூன்றும் அப்படியே இருந்தால், எந்த மருந்தை அடித்தாலும் அடுத்த மழையில் திரும்பி வரும். முதலில் பாசியை வாருகோலால் சுரண்டி எடுங்கள். மாங்காய் முடிந்த கையோடு தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். தோட்டத்து முள்கரண்டியை நாலு அங்குலம் இறக்கி, ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போய், துளைகளில் ஆற்று மணலைத் தூவிப் பெருக்கிவிடுங்கள். புல்லை ஒட்ட வெட்ட வேண்டாம். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் மழை இல்லாத நாளில். இவ்வளவு செய்தும் மரத்தடியில் மெக்சிகன் புல் பிடிக்காவிட்டால் அது வெயிலுக்கு ஏங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு மட்டும் அகல இலை பஃபலோ புல் வாங்குங்கள், பாதி நிழலைத் தாங்கும்.

அன்னபேதி கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். பாசி கறுத்துவிடுவது உண்மைதான். ஆனால் அது இரும்பு உப்பு, நாய் தின்றால் விஷம். கடப்பா கல்லில் பட்டால் துருக்கறை போகவே போகாது. தெளித்தே ஆக வேண்டுமென்றால், நன்றாகக் காயும்வரை நாயைப் பின்கட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் உப்பு வைத்தியம் வேண்டவே வேண்டாம், மண் கெட்டுப்போகும். கல் இடுக்கில் முளைப்பதற்குக் கொதிக்கும் தண்ணீர் போதும்.

கோரைக்குக் குறுக்குவழி இல்லை. தழையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருந்து சில நாளில் தலைநீட்டும். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டுங்கள். நாலைந்து வாரம் விடாமல் செய்ய வேண்டும். அந்த 850 ரூபாயை மாலிக்கு (தோட்டக்காரருக்கு) கூலியாகக் கொடுங்கள். வேலியோரம் வெள்ளைப் பூவோடு பார்த்தீனியம் தெரிந்தால் (இங்கே கன்னடத்தில் 'காங்கிரஸ் கிட', அதாவது காங்கிரஸ் செடி என்பார்கள்) கையுறை போட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள், மனிதருக்கும் நாய்க்கும் தோல் தடிக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் மருந்து அடித்த அன்று எங்கள் நாய் அங்கே போய்வந்து எச்சில் ஒழுக்கியது. உப்புத் தண்ணீர் புகட்டினோம், தானாகச் சரியானது. செய்தது சரியா?

பதில்: பிழைத்தது நல்ல காலம். உப்புத் தண்ணீரே நாய்க்கு ஆபத்து, சில மருந்துகளுக்கு வாந்தி எடுக்க வைப்பதும் கெடுதல். காலையும் வயிற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நக்காமல் பார்த்துக்கொண்டு, மருந்து பாட்டிலையோ லேபிளின் போட்டோவையோ எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். உங்கள் பக்கம் என்றால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கேள்வி: நர்சரியில் பெரிய கேனிலிருந்து சோடா பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். லேபிள் இல்லை, பில்லும் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: களைக்கொல்லி விற்க உரிமம் வேண்டும், இப்படிச் சில்லறையில் ஊற்றி விற்பது தவறு. யுபிஐயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு இருக்கும், பாட்டிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்டுப் பாருங்கள், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். வேளாண் துறையின் ரைத்த சம்பர்க்க கேந்திராவிலும் (விவசாயிகள் தொடர்பு மையம்) சொல்லுங்கள். அதுவரை அந்தப் பாட்டிலைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். யாராவது சோடா என்று எடுத்துக் குடித்துவிடாமல் மேலே பெரிதாக "விஷம்" என்று எழுதிப் பூட்டி வையுங்கள்.