உருகிய உப்புக்கு எந்தப் புடக்குகை?

மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து ஆய்வு மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். சூரிய வெப்பத்தைச் சேமிக்கப் பயன்படும் உப்பை, அதாவது நிறைப்படி 60 வீதம் சோடியம் நைத்திரேற்றும் 40 வீதம் பொற்றாசியம் நைத்திரேற்றும் கொண்ட கலவையை, டி.எஸ்.சி. கருவியில் (சூடேறும்போது மாதிரி உறிஞ்சும் அல்லது வெளிவிடும் வெப்பத்தை அளந்து வரைபாகக் காட்டும் கருவி) ஆராய்கிறார், அடுத்து மகனீசியம் குளோரைட்டுக் கலவையையும் ஆராய வேண்டும். அலுமினாப் (அலுமினியம் ஒட்சைட்டு) புடக்குகையில், அதாவது மாதிரியைச் சூடாக்கும் சிறு கிண்ணத்தில், இட்ட நைத்திரேற்று விளிம்பேறி வழிந்து உணரியில் படிந்துவிட்டதாம். இரண்டு உப்புக்கும் பொருந்தும் ஒரே கொள்கலத்தை வடிவமைக்க முடியுமா என்று கேட்கிறார்.

பொதுக் கொள்கலத்தைத் தேட வேண்டாம் என்பதே என் பதில். எத்தனை பாகை வெப்பத்தைத் தாங்கும் என்பதைக் காட்டிலும், உப்பிலுள்ள எதிரயன் எது (நைத்திரேற்றா, குளோரைட்டா), சூழ்ந்திருக்கும் வாயு எது என்பவையே கொள்கலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. நைத்திரேற்று வலிய ஒட்சியேற்றி. வெடிமருந்தில் வெடியுப்பும் (பொற்றாசியம் நைத்திரேற்று) கரியும் சேர்ந்து செய்யும் வேலையை நினைத்தால், கரியாலான பென்சிற்கரிப் புடக்குகையில் நைத்திரேற்றை ஏன் சூடாக்கக் கூடாது என்பது விளங்கும். அலுமினியத் தட்டு, உருகுநிலை பார்ப்பதற்காக 300 பாகை செல்சியஸ் வரை உதவும். 660 பாகையில் தானே உருகிவிடும் உலோகத்தை 600 பாகைப் பரிசோதனைக்கு நம்பக் கூடாது. அங்கே மூடியுள்ள பிளாட்டினமே பொருத்தம். உருகிய நைத்திரேற்று சுவரை நன்கு நனைப்பதால் மேலேறுகிறது. சுவர் சொரசொரப்பாக இருந்தால் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக்கொள்ளும். ஆகவே வழுவழுப்பான, உயரமான சுவரைத் தெரிந்து, உருகிய பின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத அளவே இடுங்கள்.

மகனீசியம் குளோரைட்டில் சிக்கல் ஈரம்தான். வாவியோரக் காற்றில், அதுவும் மாரிகாலத்தில், போத்தலைத் திறந்து நிறுத்து முடிப்பதற்குள் அது நீரை உறிஞ்சிவிடும். சூடேறும்போது அந்நீர் உப்பையே பகுத்து ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிட, அது கருவியின் உட்பகுதியை அரிக்கும். அறுநீரேற்றை (ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த உப்பை) கனலடுப்பில் வைத்து உலர்த்தினாலும் இதே பகுப்பு நிகழும் என்பதால் நீரற்ற உப்பாகவே வாங்குங்கள். அதை ஆகன் நிறைந்த கையுறைப் பெட்டிக்குள் நிக்கல் குப்பியில் இட்டு, மூடியைப் பற்றவைத்து அடையுங்கள்.

அடைத்த குப்பியில் நீர் எஞ்சினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பாருங்கள். 50 மைக்கிரோலீற்றர் இடைவெளியில் 1 மில்லிகிராம் நீர், 500 பாகையில், இலட்சிய வாயுச் சமன்பாட்டின்படி ஏறத்தாழ 70 வளிமண்டல அமுக்கத்தைத் தரும். அறை வெப்பநிலையில் அடைத்த உலர்ந்த ஆகன் மட்டும் இருந்தால் 800 பாகையிலும் அது 4 வளிமண்டலத்தை எட்டாது. சுவரைத் தடிப்பாக்கித் தப்பலாம் என்றால், தடித்த சுவர் வரைபின் உச்சிகளை மழுங்கடித்துவிடும். சோடியம் குளோரைட்டு உருகும்போது கனவளவில் ஏறத்தாழக் கால் பங்கு விரிவதையும் கருதி, குப்பியில் பாதியை வெறுமையாக விடுங்கள்.

கருவி காட்டும் வெப்பநிலையைச் சரிபார்க்கும் அளவுத்திருத்தத்துக்கு வெள்ளீயமும் நாகமும் வேண்டாம். அவை நிக்கலுடனும் பிளாட்டினத்துடனும் கலப்புலோகமாகிவிடும். பிளாட்டினத்தில் 307 பாகையில் உருகும் சோடியம் நைத்திரேற்றையும், நிக்கலில் 801 பாகையில் உருகும் சோடியம் குளோரைட்டையும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சுழற்சிக்குப் பின்னும் குப்பியை நிறுத்துப் பாருங்கள், 0.1 மில்லிகிராம் குறைந்திருந்தாலும் ஒட்டில் கசிவு இருப்பதாகவே கொண்டு, அதை மறுபடி கருவிக்குள் வைக்காதீர்கள்.