கறுப்புத் தாய்க்கு வெளிர்மஞ்சள் குட்டி பிறக்குமா?

கேள்வி: எங்கள் கறுப்பு லாப்ரடார் நாயைச் சாக்லேட் நிறப் பூடிலுடன் இணை சேர்த்தோம். பிறந்த ஏழு குட்டிகளில் நான்கு கறுப்பு, இரண்டு சாக்லேட், ஒன்று மட்டும் வெளிர்மஞ்சள். அதன் மூக்கும் கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கிறது. வேறோர் ஆண் நாய் சேர்ந்திருக்குமோ என்று வீட்டில் ஐயப்படுகிறார்கள். ஐந்து மாதமாகும் சாக்லேட் குட்டிகளில் ஒன்றின் முகம் வெளிறிக்கொண்டே வருகிறது. உணவில் குறை இருக்குமா?

பதில்: வெளிர்மஞ்சள் குட்டி பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக வேறொரு தந்தையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நீங்கள் கூறும் மூன்று நிறங்களும் இந்த இணைக்குப் பிறக்கக்கூடியவைதான்.

இங்கே இரண்டு மரபணுக்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கறுநிறமி முடியில் சேருமா சேராதா என்பதைத் தீர்மானிக்கிறது. மற்றொன்று, அந்த நிறமி கறுப்பாக அமையுமா பழுப்பாக அமையுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் குட்டிக்கு வந்து சேர்கின்றன. கறுப்பு ஓங்கு பண்பு என்பதால் அதற்கு ஒரு பிரதியே போதும். சாக்லேட்டும் மஞ்சளும் ஒடுங்கு பண்புகள் என்பதால் அவை வெளிப்பட இரு பிரதிகளும் வேண்டும். சாக்லேட் குட்டிகள் பிறந்திருப்பதிலிருந்தே உங்கள் கறுப்பு நாய் பழுப்புக்குரிய ஒரு பிரதியை வெளியே தெரியாமல் சுமந்து வந்திருப்பது உறுதியாகிறது. அதுபோலவே தாய், தந்தை இரண்டும் மஞ்சளுக்குரிய ஒவ்வொரு பிரதியைச் சுமந்து, இரண்டும் ஒரே குட்டியில் வந்து கூடியிருக்கின்றன. இத்தகைய இணையில் சராசரியாக எட்டுக் குட்டிகளுக்கு மூன்று கறுப்பு, மூன்று சாக்லேட், இரண்டு மஞ்சள் என எதிர்பார்க்கலாம். ஓர் ஈற்றில் பிறக்கும் சில குட்டிகளைக் கொண்டு இந்தக் கணக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை.

பழுப்பு மூக்கு குறையன்று. மஞ்சள் நாயின் முடியில் கறுநிறமி சேராவிட்டாலும் மூக்கு, உதடு, இமை விளிம்பு ஆகியவற்றின் தோலில் அது இருந்தே தீரும். ஆகவே இரண்டாவது மரபணு முடியில் காட்ட முடியாததை மூக்கில் காட்டிவிடுகிறது. உங்கள் வெளிர்மஞ்சள் குட்டி மரபணு அளவில் சாக்லேட்டும்கூட! எனக்கு இந்த ஈற்றில் மிகவும் பிடித்த குட்டி அதுதான்.

ஒரே ஈற்றில் இரு தந்தையரின் குட்டிகள் பிறப்பது நாய்களில் நடக்கக்கூடியதே. அந்நாட்களில் வேறோர் ஆண் நாய் உண்மையிலேயே நெருங்கியிருந்தால் டி.என்.ஏ. பரிசோதனைதான் முடிவு சொல்லும், நிறம் சொல்லாது.

சாக்லேட் குட்டி வெளிறுவதற்குப் பெரும்பாலும் பூடில் வழி வந்த நரைக்கும் மரபணுவே காரணம். அதற்கு ஒரு பிரதியே போதும் என்பதால், தந்தையிடமிருந்து அதைப் பெற்ற குட்டி மட்டும் வெளிற, பெறாத உடன்பிறப்பு அடர்நிறமாகவே இருக்கும். இந்த மாற்றம் வழக்கமாக முகத்திலும் பாதங்களிலும் தொடங்கி, முழுமையடைய இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். முடி கொட்டுதலோ, அரிப்போ, தோலில் புண்ணோ சேர்ந்து காணப்பட்டால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். விழித்திரை படிப்படியாகச் சிதைந்து பார்வை போகும் நோயின் ஒரு வகை லாப்ரடார், பூடில் ஆகிய இரண்டு இனங்களிலும் இருக்கிறது. அதுவும் மஞ்சள் நிறத்தைப் போலவே, நலமாகத் தோன்றும் இரு பெற்றோரிடம் மறைந்திருந்து குட்டியில் வெளிப்படுகிறது. அதற்கு மரபணுப் பரிசோதனை உண்டு. இதுவரை செய்திராவிட்டால், இதே இணையை மறுபடி சேர்ப்பதற்கு முன்னால் இரண்டுக்கும் அதைச் செய்துவிடுங்கள்.