டைம்லாப்ஸ் தொடர்படங்கள்: எண் அறுந்தால் என்ன செய்வது? கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: ஐயா, யானைமலைக்குப் பின்னால் சூரியன் உதிப்பதை பின்னர் வீடியோவாக ஓட்டும் டைம்லாப்ஸுக்காக ஆறு விநாடிக்கு ஒரு படமாக ஒரு மணி நேரம் எடுத்தேன். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளில் அது ஒரே கிளிப்பாக வராமல் இரண்டு துண்டாக வருகிறது. ஏன்?

பதில்: எண் வரிசை நடுவில் அறுந்திருக்கிறது. பெரும்பாலான கேமராக்கள் 9999-ஐத் தொட்டதும் அடுத்த படத்துக்கு 0001 என்று எண்ணிடுகின்றன. ரிசால்வோ இடைவெளியில்லாமல் வரும் எண்களை மட்டுமே ஒரு கிளிப்பாகக் கோக்கும். ஆகவே எந்த மென்பொருளுக்குள்ளும் கொண்டுபோவதற்கு முன்பே, பெயர் வரிசையில் அல்லாமல் எடுத்த நேர வரிசையில் அடுக்கி, 00001 முதல் ஐந்து இலக்கத்தில் ஒரே முறை பெயரிட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் சுற்றி வருவதை எடுத்தபோது, மைய மண்டபத்து விளக்கொளி நீரில் நீண்டு நெளியும் படங்களுக்கிடையே, யாரோ டார்ச் அடித்ததால் வெளுத்துப்போன ஒன்றை நான் அழித்துவிட்டேன். அந்த ஒரே எண் போனதில் கிளிப் இரண்டாகிவிட்டது. கெட்டுப்போன படத்தையும் அழிக்காதீர்கள். திருத்திய படங்களைத் தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்த பிறகு, அதற்கு முந்தைய படத்தின் நகலை அந்த எண்ணில் வைத்துவிட்டால், நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் காட்சியில் அது கண்ணில் படாது.

மேலூரிலிருந்து ஒரு வாசகி: லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் வண்ணம் திருத்திய பின், கோப்புறையைத் திறந்து பெயர்களை மாற்றினேன். இப்போது எல்லாப் படங்களும் காணவில்லை என்கிறதே?

பதில்: படங்கள் எங்கும் போகவில்லை, அம்மா. லைட்ரூமின் கேட்டலாக் எனும் படப் பதிவேடு பழைய பெயர்களில் தேடிக்கொண்டிருக்கிறது. பழைய பெயர்களையே திரும்ப வைத்தால் இணைப்பு மீண்டுவிடும். அதன்பின் லைட்ரூமுக்குள்ளேயே பெயர் மாற்றுங்கள். ரா கோப்பின் (கேமரா பதிந்த, பதப்படுத்தாத மூலப்படத்தின்) திருத்தங்களைத் தாங்கும் எக்ஸ்எம்பி கோப்பும் அப்போது கூடவே பெயர் மாறும். இரண்டின் பெயரும் பொருந்தாவிட்டால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளுக்கு உங்கள் திருத்தம் போய்ச் சேராது. எக்ஸ்எம்பி இல்லாத ரா தொடரில் முதல் படத்தின் அமைப்பையே அது எல்லாப் படங்களுக்கும் பூசிவிடும் என்பதால், விடியலின் படிப்படியான வெளிச்ச மாற்றத்துக்காக நீங்கள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். திருத்தி முடித்ததும் மெட்டாடேட்டாவை, அதாவது திருத்த விவரங்களை, கோப்பில் சேமிக்க மறக்க வேண்டாம்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நடுநடுவே வண்ணப் பட்டைகள் வருகின்றன.

பதில்: அந்த எண்ணுள்ள படங்கள் அங்கே இல்லை என்பதற்கான அடையாளம் அது. வட்டிலிருந்து வட்டுக்கு நகலெடுக்கையில் விடுபட்டிருக்கலாம். இரு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். கூடவே, தொடரின் வேகம் நொடிக்கு 30 சட்டங்கள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால் 25 ஆக மாற்றுங்கள்.

அதே வாசகர்: பிரீமியர் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளுக்குப் படக்கோப்பு வகையாக ஜேபெக் போதுமா, டிஃப் வேண்டுமா?

பதில்: பிரீமியர் ரா தொடரை நேரடியாக ஏற்காது என்பதால் இரண்டில் ஒன்று தேவைதான். 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்பாக, சுருக்காமல், சுமார் 144 எம்பி ஆகும். 600 படங்களுக்கு ஏறத்தாழ 86 ஜிபி. ஆனால் அந்திவானத்தின் மென்மையான நிறமாற்றத்தில் நிறப்படிகள் குறைவான 8 பிட் ஜேபெக் பட்டை பட்டையாகப் பிளவுபடக்கூடும். வானம் பெரிதாக இருக்கும் தொடருக்கு இடத்தைப் பார்க்காமல் டிஃப்பையே எடுங்கள். 4கே அளவுக்குக் குறைத்து ஏற்றுமதி செய்தால் பாரம் பெருமளவு குறையும்.